கொள்ளிடத்துக்கு மேலே மூன்று மின்னல்

“மலைக்கோட்டைக்கு நேரா வரும்போது ஒரு ஏப்பம் விட ஆரம்பிச்சேன். அது முடியறதுக்குள்ள யாழ்ப்பாணம் வந்துருச்சு.”

இதைச் சொல்லிவிட்டு பிலோமின்ராஜ் டீயை ஒரு வாய் உறிஞ்சினார். அந்தச் சத்தத்துக்கு, சத்திரம் பேருந்து நிலையத்தில் துறையூர் பஸ்ஸுக்குக் காத்து நின்ற கூட்டமே திரும்பிப் பார்த்தது.

திருவெறும்பூர்ப் பெரிய தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற எட்டுப் பேர் புதன்கிழமை தவறாமல் காலை பத்து மணிக்கு அந்த டீக்கடையில் கூடுவார்கள். எட்டுப் பேருக்கும் சேர்த்து வயது ஐந்நூற்று எழுபது. பல் நூற்றுக்கும் கீழே. பேச்சு மட்டும் குறைந்ததில்லை. அதிலும் பிலோமின்ராஜ் பேச உட்கார்ந்துவிட்டால் மற்ற ஏழு பேரும் வாய்க்கு விடுமுறை கொடுத்துவிட வேண்டியதுதான்.

அவர் சொன்ன கதை இது. வெளிநாட்டுக்குப் போகும் பெரிய விமானம் இல்லையாம். கனிஷ்கா என்று மலேசியாவில் ஒரு தமிழ்ப் பெண். ஏழு வருஷம் பாடுபட்டுத் தன் வீட்டுக் கார் ஷெட்டிலேயே ஒரு விமானத்தைச் செய்தாளாம். இரண்டே சீட்டு. அதில் தேசம் தேசமாகப் பறந்து வந்தவள் திருச்சியில் இறங்கியபோது, இன்ஜினின் புகைக்குழாயில் விரிசல். அதை வெல்டிங் வைத்து ஒட்டிக் கொடுத்தவர் பிலோமின்ராஜ். ஒட்டியவரையே பக்கத்து சீட்டில் உட்கார வைத்து, எல்லையைத் தாண்டி, கடலைத் தாண்டி இலங்கைக்குக் கூட்டிப் போனாளாம். பாதிக் கடலில் விமானத்தை இவர் கையில் கொடுத்துவிட்டு அந்தப் பெண் சாவகாசமாக முறுக்குத் தின்றாளாம். கீழே ஒரு திமிங்கலம் தலையைத் தூக்கி, யாரடா ஓட்டுவது என்று பார்த்துவிட்டு மரியாதையாக ஒதுங்கிப் போனதாம்.

டீக்கடை சிரித்துச் சிரித்துப் புரையேறியது. யார் நம்புவார்கள்? தொழிற்சாலை ஷாப்பில் பிலோமின்ராஜ் காலையில் ஓர் எலியை அடித்தால் மதியத்துக்குள் அது பெருச்சாளி ஆகும், ஷிப்ட் முடிவதற்குள் சிறுத்தை ஆகும். பேரன் பிறந்து மூன்றரைக் கிலோ என்று அவர் சொன்னபோது, கேட்டவர்கள் எல்லோரும் பேசி வைத்தாற்போல் அரைக் கிலோவைக் கழித்துக்கொண்டுதான் வாழ்த்துச் சொன்னார்கள்.

சிரிக்காதவர் ஒரே ஒருவர், வீரமலை. ஓய்வு பெற்ற தரப் பரிசோதகர். அவருடைய வயிற்றில் ஆறு நாளாக ஒரு கொதிகலன் நின்று எரிந்துகொண்டிருந்தது. அழுத்தமானி மாட்டியிருந்தால் முள் பிய்த்துக்கொண்டு காவிரிப் பாலத்தில் போய் விழுந்திருக்கும்.

“பிளேன்ல வெல்டிங் வைக்க அது என்னய்யா சைக்கிள் கேரியரா? சும்மா விடறான், கேட்டுக்கிட்டு உக்காந்திருக்கீங்க” என்றார் வீரமலை.

வழக்கமாக இப்படிச் சொன்னால் பிலோமின்ராஜ் இன்னும் இரண்டு திமிங்கலத்தை அவிழ்த்து விடுவார். அன்றைக்கு விடவில்லை. வீரமலையை ஒரு நொடி உற்றுப் பார்த்து, “நீங்க சொன்னா சரிதான் சார்” என்று டம்ளரைக் கீழே வைத்தார்.

சங்கச் செயலாளர் சேக் மைதீன் அந்தக் காலத்தில் கிரேன் ஓட்டியவர். எதையும் மேலே இருந்து பார்த்துப் பழகியவர். அவர் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து வீரமலையிடம் நீட்டினார். ஓய்வுபெற்றோர் சங்கத்தின் ஆண்டு மலரில் ‘உறுப்பினர் சாதனைகள்’ என்று ஒரு பக்கம் உண்டு. அதில் எது அச்சேறினாலும் கீழே ‘சரிபார்க்கப்பட்டது’ என்று வீரமலை கையெழுத்துப் போட வேண்டும். முன்பு ஒரு உறுப்பினர் தன் மரத்துப் பலாப்பழம் தொண்ணூறு கிலோ என்று அச்சிட வைத்து, பிற்பாடுதான் தெரிந்தது, பழத்தைத் தூக்கிக்கொண்டு அவரே தராசில் ஏறியிருக்கிறார் என்று. அன்றிலிருந்து இந்த ஏற்பாடு. தாளில் இந்த வருஷத்துச் சாதனையாக ஒரே ஒரு வரி இருந்தது: ‘பிலோமின்ராஜ், வெல்டர், வீட்டில் செய்த விமானத்தில் இலங்கைக்குப் பறந்தார்.’

“ஞாயித்துக்கிழமை ஸ்ரீரங்கத்துல பொதுக்குழு. அதுக்குள்ள ஆமாவா இல்லையான்னு பாத்துச் சொல்லிடுங்க. நீங்க இல்லைன்னா நான் அந்த வரியை அடிச்சுடறேன். ஆமான்னா போடறேன். எனக்கு உங்க சொல்லு போதும்” என்றார் சேக் மைதீன்.

வீரமலை தாளை நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, ஸ்ரீரங்கம் போகும் ஒண்ணாம் நம்பர் பஸ்ஸில் ஏறினார். தாள் அந்தப் பையில் அடுப்புக்கரி மாதிரி சுட்டது.

ஏன் சுட்டது என்று சொல்ல வேண்டுமானால், இருவரும் ஷாப்பில் சேர்ந்து வேலை பார்த்த முப்பத்தோரு வருஷத்துக்குப் போக வேண்டும்.

அந்த ஷாப்பில் பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. அதனால் ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். வெல்டர் தன் வேலையை முடித்ததும் இரும்பில் சுத்தியலால் மூன்று தட்டுத் தட்டுவார். ‘முடிந்தது, வந்து பார்’ என்று அர்த்தம். வீரமலை எந்த மூலையில் நின்றாலும், வாயில் போட்ட வடையைக் கூட மெல்லாமல், அந்த மூன்று தட்டுக்கு நடந்து வருவார். விரிசலுக்குள் இறங்கும் சிவப்பு மையைத் தடவுவார், துடைப்பார், வெள்ளைப் பவுடரைத் தெளிப்பார். தலைமுடியில் பாதி அளவு விரிசல் இருந்தாலும் வெள்ளையில் சிவப்பாக எட்டிப் பார்த்துவிடும். வேலை சரியாக இருந்தால் பதிலுக்கு இரண்டு தட்டு. சரியில்லை என்றால் ஒரே தட்டு. வெட்டி எறிந்துவிட்டு மறுபடி ஒட்ட வேண்டியதுதான். வெல்டர் தன் நம்பரை எழுதிப் பக்கத்தில் ஒரு வட்டம் போட்டு வைத்திருப்பார். அந்த வட்டத்துக்குள் வீரமலை கையெழுத்துப் போட்டால்தான் அது வெல்டு. அதுவரை வெறும் இரும்புக் கஞ்சி.

இதில் வீரமலைக்கு இரண்டு பெருமை. கெட்ட வேலையை ஒருநாளும் தப்ப விட்டதில்லை. நல்ல வேலையை ஒருநாளும் தள்ளியதில்லை; ஒட்டியவன் ஜென்ம விரோதியாக இருந்தாலும் சரி. முதலாவதை எவனும் செய்வான், இரண்டாவதுதான் கஷ்டம் என்று தன் கல்யாண நாளில் கூடச் சொல்லிக்கொண்டிருந்தவர் அவர்.

பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியதும் ஜன்னலோரக் காற்று முகத்தில் அடித்தது. அதிலும் எரிச்சல் ஆறவில்லை. ஏனென்றால் வீரமலைக்கு ஒன்று தெரியும், டீக்கடையில் வேறு எவருக்கும் தெரியாது. அந்தக் குட்டி விமானத்தை அவர் கண்ணால் பார்த்திருந்தார்.

போன வாரம் திங்கட்கிழமை பிலோமின்ராஜ் போன் செய்தார். ஏர்போர்ட்டில் வேலை பார்க்கும் தன் மைத்துனர் மகன் டோனி கூப்பிட்டான், குட்டி பிளேன் ஒன்றின் குழாயை ஆர்கான் வாயு வெல்டிங்கில் ஒட்டப் போகிறேன், சிவப்பு மை டப்பாவை எடுத்துக்கொண்டு வாருங்கள், கார் அனுப்புகிறேன் என்றார். வீரமலை அசையவில்லை. போன வருஷம் இதே ஆள்தான் துவாக்குடியில் காலேஜ் பையன்கள் நீர்மூழ்கிக் கப்பல் கட்டியிருக்கிறார்கள் என்று கூப்பிட்டார். வேகாத வெயிலில் இரண்டு பஸ் மாறிப் போய்ப் பார்த்தால், ஒரு தண்ணீர்த் தொட்டியில் ஜன்னல் வரைந்து வைத்திருந்தது. “ஏன், ராக்கெட் எதுவும் ரிப்பேருக்கு வரலையா?” என்று கேட்டுவிட்டு வீரமலை போனை வைத்தார். செவ்வாய்க்கிழமை ஒன்பது முறை கூப்பிட்டார். இவர் எடுக்கவே இல்லை. புதன்கிழமை டீக்கடைக்கு வராதவர் சாயங்காலம் மறுபடி கூப்பிட, தொல்லை பொறுக்காமல் எடுத்தார். நாளைக்குக் காலையில் எட்டு மணிக்கு உங்கள் மொட்டை மாடியில் நில்லுங்கள், கடலுக்குப் போகும் முன்னால் குழாய் தாங்குகிறதா என்று பார்க்க ஊரை ஒரு சுற்றுச் சுற்றுவோம், கொள்ளிடம் ஓரமாக வரும்போது நம் வழக்கப்படி கூப்பிடுகிறேன் என்றார் பிலோமின்ராஜ். வீரமலை போனை வைத்துவிட்டார்.

நம்பாத மனிதர் வியாழக்கிழமை காலை என்ன செய்திருக்க வேண்டும்? பேப்பர் படித்திருக்க வேண்டும். இவர் ஏழே முக்காலுக்கெல்லாம், தண்ணீர்த் தொட்டி மிதவை சரியில்லை என்று மனைவி ஆனந்தவள்ளியிடம் சொல்லிவிட்டு, நாலு மாடி ஏறி, அதற்கும் மேலே இரும்பு ஏணியில் ஏறித் தொட்டி மேலேயே நின்றுவிட்டார்.

எட்டு மணி பத்து நிமிஷத்துக்கு முக்கொம்புப் பக்கமிருந்து ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. தையல் மெஷின் ஓடுகிற சத்தம். கொள்ளிடத்து மணலுக்கு மேலே, கொக்குக்கு அண்ணன் மாதிரி, அது பாட்டுக்கு வந்தது. வீரமலைக்கு விமானம் என்றால் உயிர். வீட்டுக்கு மேலே போகிற விமானத்தைச் சத்தத்தை வைத்தே எந்த ஊருக்குப் போகிறது, எத்தனை நிமிஷம் தாமதம் என்று சொல்வார். பத்தொன்பது வயதில் விமானப்படைத் தேர்வுக்குப் போய், பாதம் தட்டை என்று திருப்பி அனுப்பப்பட்டவர். அந்தத் தட்டைப் பாதம் இப்போது தொட்டியின் மேல் ஊன்றி நின்றது.

விமானம் நேரே வந்ததும் அதன் வலப்பக்க ஜன்னலில் பளிச்சென்று ஒரு வெட்டு. மறுபடி ஒன்று. மறுபடி ஒன்று. சூரியனே மூன்று தரம் கண்ணடித்த மாதிரி. வீரமலைக்கு ஆளைப் பார்க்க வேண்டியிருக்கவில்லை. கம்பி நுனியில் வட்டக் கண்ணாடி மாட்டிய பரிசோதனைக் கருவி அது. குழாயின் பின்பக்கத்தைப் பார்க்க இருபது வருஷம் அவரே வைத்திருந்தது. ஓய்வு பெற்ற அன்று பிலோமின்ராஜுக்குப் பரிசாகக் கொடுத்தது. மூன்று மின்னல். மூன்று தட்டு. முடிந்தது, வந்து பார்.

அவருடைய வலது கை தானாகவே தொட்டியை இரண்டு தட்டுத் தட்டப் போனது. அதைப் பிடித்து அக்குளில் செருகிக்கொண்டார். விமானம் கிழக்கே கரைந்து போயிற்று. கீழே வந்தவரிடம் ஆனந்தவள்ளி மிதவை எப்படி இருக்கிறது என்று கேட்டாள். நன்றாகத்தான் இருக்கிறது என்று சொல்லிவிட்டு ஒரு சொம்பு மோரைக் குடித்தார். மோர் வயிற்றில் விழுந்து ஆவியாகிப் போனது.

பிலோமின்ராஜ், விமானத்துக்கு முன்பக்கம் எது பின்பக்கம் எது என்று தெரியாத ஆள். இறக்கையைக் கை என்று சொல்கிற ஆள். அவனுக்கா இந்த யோகம்?

தாள் கைக்கு வந்து இரண்டு நாள் கழித்து, வெள்ளிக்கிழமை, வீரமலை பூதக்கண்ணாடியும் பதினேழு கேள்விகள் எழுதிய தாளுமாகத் திருவெறும்பூர் போய் இறங்கினார். பிலோமின்ராஜ் வீட்டில் அவர் மனைவி ரோசரி மீன் பொரித்துக்கொண்டிருந்தார். வாசனை பஸ் ஸ்டாப்பிலேயே வந்து வரவேற்றது. வீரமலை மீனைத் தொடவில்லை. பரிசோதனைக்கு வந்த இடத்தில் கை நனைப்பதில்லை என்பது அவருடைய சட்டம்.

பாஸ்போர்ட்டில் இலங்கை முத்திரை இருந்தது. பெரிய விமானத்தில் போனாலும் இதே முத்திரைதான் குத்துவார்கள் என்று தள்ளினார். சீட்டில் பெல்ட் போட்டுக்கொண்டு, காதில் பெரிய ஹெட்போனோடு, ஊரையே விலைக்கு வாங்கியவர் மாதிரி பிலோமின்ராஜ் சிரிக்கும் படம் இருந்தது. என் பேத்தி போனிலேயே என்னைச் சிங்கத்து மேல் உட்கார வைத்திருக்கிறாள் என்று தள்ளினார். வீடியோவையும் அப்படியே தள்ளினார். பதினாறு கேள்விகள் முடிந்தன. தள்ளத் தள்ள அவருக்குக் கொஞ்சம் குளிர்ச்சியாக இருந்தது.

கடைசிப் படம் புகைக்குழாய்.

வீரமலை பூதக்கண்ணாடியை எடுத்து அதன்மேல் குனிந்தார். குனிந்தவர் நிமிரவில்லை. இடது கைக்காரர் வைத்த வெல்டு. செதில் செதிலாக, இடப்பக்கம் சாய்ந்து, முடிகிற இடத்தில் கமா மாதிரி ஒரு சின்னக் கொக்கி. இந்தக் கையெழுத்தை முப்பத்தோரு வருஷம் படித்திருக்கிறார். இதை எந்தப் பேத்தியாலும் எந்த போனிலும் செய்ய முடியாது. காகிதக் கனத்துக் குழாயில் இவ்வளவு சுத்தமாக, எழுபது வயதுக் கையால். அதைப் பார்த்த சந்தோஷத்தில் ஒரு விநாடி பொறாமையைக்கூட மறந்துவிட்டார். பக்கத்தில் மார்க்கரில் 417 என்று எழுதி, ஒரு வட்டம் போட்டிருந்தது. வட்டம் காலி.

“இது ஏன் காலியா இருக்கு?” அது பதினேழாவது கேள்வி இல்லை, தாளிலேயே இல்லாத கேள்வி.

“நீங்க வரலையே சார். அந்தப் பொண்ணு நான் போடட்டுமான்னு கேட்டா. அது ஒருத்தருக்குன்னு வெச்ச இடம்மான்னு சொல்லிட்டேன். அப்படியே காலியாத்தான் கடலைத் தாண்டுச்சு” என்றார் பிலோமின்ராஜ்.

பிறகு, கேட்காமலே மீதியையும் சொன்னார். இதில் திமிங்கலம் இல்லை, ஏப்பம் இல்லை. அதனாலேயே வீரமலை பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார். வீரமலை ஷாப்பில் ஒரு விதி வைத்திருந்தார்: கொதிகலனை அழுத்தம் ஏற்றிச் சோதிக்கும் நாளில், ஒட்டியவனும் பார்த்தவனும் கூப்பிடு தூரத்தில் நிற்க வேண்டும். அதைப் பிலோமின்ராஜ் பேச்சோடு பேச்சாகக் கனிஷ்காவிடம் சொல்லியிருக்கிறார். கூட வந்த அவளுடைய தம்பி லீவு முடிந்து ஊருக்குத் திரும்பிவிட்டதால் பக்கத்து சீட்டில் ஒரு மூட்டைதான் இருந்தது. நல்ல விதி அங்கிள், மூட்டையை இறக்கிவிடுகிறேன், ஒட்டியவர், பார்க்கிறவர் இரண்டு பேரில் ஒருவர் என்னோடு வாருங்கள் என்று அவள் சொல்லிவிட்டாள்.

“நான் உங்க பேரைத்தான் சார் சொன்னேன். அவருக்குத்தான் பிளேனைப் பத்தித் தெரியும், பாஸ்போர்ட்டும் இருக்கு, அவரைக் கூட்டிட்டுப் போம்மான்னேன். செவ்வாய்க்கிழமை ஒம்போது தடவ அடிச்சேன். நீங்க எடுக்கல. சாயங்காலத்துக்குள்ள பேர் குடுக்கணும்னு டோனி குதிச்சான். அப்புறம் என் பேரை எழுதுனோம்.”

வீரமலையின் வயிற்றில் இருந்த கொதிகலன் அந்த இடத்தில் வெடித்தது. இதுவரை எரிந்தது அடுத்தவன் அதிர்ஷ்டத்தைப் பார்த்து. இனி எரிய வேண்டியது தன் போனைப் பார்த்து. அவருடைய விதி, அவருடைய கண்ணாடி, அவருடைய சீட்டு. மூன்றும் அவர் இல்லாமல் யாழ்ப்பாணம் போய்விட்டன.

“வியாழக்கிழமை மாடியில நின்னீங்களா சார்?” பிலோமின்ராஜ் கேட்டார். “மூணு தடவ காட்டினேன்.”

“இல்ல” என்றார் வீரமலை.

சொன்ன வாய்க்கே அது கசந்தது. பிலோமின்ராஜ் தலையை ஆட்டினார். பாத்திருந்தா நல்லா இருந்திருக்கும் என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்தப் படத்தைப் போனில் மூடினார். பஸ் ஸ்டாப் வரை கூட வந்தவர், வழியில் ஒரு பொய் கூடச் சொல்லவில்லை. பிலோமின்ராஜ் கால் கிலோமீட்டர் தூரம் பொய் சொல்லாமல் நடந்தது திருவெறும்பூர் வரலாற்றில் அதுவே முதல் தடவை.

சனிக்கிழமை மத்தியானம் வீரமலை அந்தத் தாளை மேஜைமேல் விரித்தார். ‘போதிய ஆதாரம் இல்லை. நிராகரிக்கப்பட்டது’ என்று எழுதினார். எழுத்து அழகாகத்தான் வந்தது. கையெழுத்துப் போடுகிற இடத்தில் பேனா நின்றுவிட்டது. மை தீர்ந்துவிட்டதோ என்று உதறிப் பார்த்தார், சட்டையெல்லாம் மை. மை இருந்தது.

அவருக்குப் புரியாமல் இல்லை. பிலோமின்ராஜ் வாழ்நாள் முழுவதும் பொய்யாகப் பேசிப் பேசி, உண்மையை வைக்க இடமில்லாமல் செய்துகொண்ட ஆள். இப்போது முதல்முறையாக ஒரு நிஜம் கிடைத்திருக்கிறது. அதை உலகத்தில் ஒரே ஒருவர் சொன்னால்தான் நம்புவார்கள். அந்த ஒருவர் இல்லை என்று சொல்லிவிட்டால், அது எலியோடும் சிறுத்தையோடும் சேர்ந்து போய்விடும். இல்லை என்று சொல்வதும் ரொம்பச் சுலபம். யாரும் வந்து கேட்கப் போவதில்லை. நல்ல வேலையைத் தள்ளியதில்லை என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்த முப்பத்தோரு வருஷம் மட்டும்தான் கேட்கும்.

ஆனந்தவள்ளி மோர் கொண்டுவந்து வைத்தாள். தாளை ஒரு பார்வை பார்த்தாள்.

“மிதவையைப் பாக்கப் போறவரு கழுத்துல பைனாகுலரை மாட்டிக்கிட்டா போவாரு?” என்றாள். வீரமலை வாயைத் திறப்பதற்குள் அவளே தொடர்ந்தாள். “பொறாமைப்படறது தப்பில்லைங்க. கேட்டதும் எனக்கே வயிறு எரிஞ்சுது. இத்தனை வருஷத்துல என்னைக் கல்லணை தாண்டிக் கூட்டிட்டுப் போயிருக்கீங்களா நீங்க? வயித்துல எவ்வளவு வேணா படுங்க. கையெழுத்துல படாதீங்க.”

வீரமலை கையெழுத்துப் போடவில்லை. தாளைப் பழையபடி நாலாக மடித்து வைத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீரங்கத்துக் கல்யாண மண்டபத்தில் பொதுக்குழு. முந்நூறு பேர், அறுநூறு பேர் சத்தம். பின்னால் சாம்பார் கொதிக்கிற வாசனை வந்துகொண்டிருந்ததால் தீர்மானங்கள் எல்லாம் மின்னல் வேகத்தில் நிறைவேறின. கடைசியாக சேக் மைதீன் மைக்கில் அந்த வரியை வாசித்தார். மண்டபம் குலுங்கியது. திமிங்கலத்துக்கும் சங்கத்தில் மெம்பர்ஷிப் கொடுக்கலாமே என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். ஏப்பம் எந்த ஏர்லைன்ஸ் என்று இன்னொருவர். முன்வரிசையில் பிலோமின்ராஜ், வெள்ளைச் சட்டையும் புதுச் செருப்புமாக உட்கார்ந்திருந்தார். மற்ற நாளாக இருந்தால் இந்தச் சிரிப்பை வாரிப் பூசிக்கொண்டிருப்பார். இன்றைக்கு அவர் முகம் யாரோ வெட்டி எறிந்துவிட்ட வெல்டு மாதிரி இருந்தது.

“வீரமலை பாத்துச் சொல்லணும்” என்று சேக் மைதீன், மேடை ஓரத்தில் உட்கார்ந்திருந்த அவர் கையில் மைக்கைக் கொடுத்தார்.

வீரமலை தாளைப் பிரித்தபடி எழுந்தார். கொள்ளிடத்துக்கு மேலே அந்த வெள்ளைப் புள்ளி கண்ணுக்குள் வந்தது. அதில் தான் உட்கார்ந்திருக்க வேண்டியவர் என்பதும் கூடவே வந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டு, “போதிய ஆதாரம்…” என்று ஆரம்பித்தார்.

“விட்டுடுங்க பாய். அடிச்சுடுங்க” என்று பிலோமின்ராஜ் உட்கார்ந்தபடியே சொன்னார். “என் வாயில வந்தா நானே நம்ப மாட்டேன்.”

சொல்லிவிட்டு, கையில் வைத்திருந்த வீட்டுச் சாவியால், யாருக்கும் இல்லாமல், தன் இரும்பு நாற்காலியின் காலில் மெல்லத் தட்டினார். டண், டண், டண்.

முந்நூறு பேர் சத்தத்தில் அது வேறு எவர் காதிலும் விழுந்திருக்காது. வீரமலையின் மூளை அதற்கு ஒன்றும் உத்தரவு போடவில்லை. கால்கள்தான் புறப்பட்டன. அந்தத் தட்டைப் பாதம் இரண்டும், முப்பத்தோரு வருஷம் எந்த மூலையிலிருந்தும் இந்த மூன்று தட்டுக்கு நடந்த பாதம், மேடைப்படி இறங்கி, மைக் வயரை இழுத்துக்கொண்டு, முன்வரிசை வரைக்கும் நடந்து பிலோமின்ராஜ் முன்னால் போய் நின்றன. மண்டபம் ஒன்றும் புரியாமல் அடங்கியது. சாம்பார் கரண்டிகூட நின்றுவிட்டது என்றுதான் பந்தியில் இருந்தவர்கள் பிற்பாடு சொன்னார்கள்.

வீரமலை குனிந்து பிலோமின்ராஜின் கையிலிருந்து சாவியை வாங்கினார். நாற்காலியின் கைப்பிடியில் இரண்டு முறை தட்டினார். பிலோமின்ராஜ் நிமிர்ந்து பார்க்கவில்லை. புதுச் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு வீரமலை மைக்கை வாய்க்குக் கொண்டுபோனார்.

“மூணு நாளா இவன் என்னை வரச் சொல்லிப் பதினோரு தடவ போன் பண்ணினான். நான்தான் போகல. எனக்கு வர வேண்டிய சீட்டு அது. இப்பவும் வயிறு எரியுது, அதை மறைக்க மாட்டேன்” என்றார். “பத்து நாளைக்கு முன்னாடி, வியாழக்கிழமை காலைல எட்டு பத்துக்கு, கொள்ளிடத்துக்கு மேல, எங்க தண்ணித் தொட்டியில ஏறி நின்னு பாத்தேன். அதுல இருந்தது இவன்தான். நடந்துச்சுங்க. எல்லாம் நடந்துச்சு. திமிங்கலத்தை மட்டும் மறுபரிசோதனைக்கு வெச்சிருக்கேன்.”